கண்ணகி போட்ட கறுப்புக் கண்ணாடித் தளம்

கண்ணகி எனக்கு இரண்டு வழியில் மருமகள். அவளைப் பெற்ற ரஞ்சிதம் என் பெரியப்பா மகள். அந்த வழியில் நான் தாய்மாமன் முறை. அவள் கட்டிக்கொண்ட மோகன் என் சகலைக்கு அண்ணன் மகன். அந்த வழியில் அவன் எனக்குப் பிள்ளை. எப்படிச் சுற்றி வந்தாலும் மருமகள் என்றுதான் வந்து நிற்கும். அதனால் அந்த வீட்டில் நடந்தவற்றில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி மோகன் வாயால் கேட்டது.

அவள் பிறந்தது அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். மூன்று பெண்களில் நடுப்பெண். மூத்தவளுக்குப் பெருமை, இளையவளுக்குச் செல்லம், நடுவில் பிறந்தவளுக்கு வேலை என்பது எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஒருமுறை மிக்ஸி ஓடவில்லை என்று அவள் அப்பா கடைக்கு எடுத்துப்போகப் பை தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் இவள் திருப்புளியால் கழற்றி, எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டாள். திரும்பப் பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் நின்றது, மிக்ஸி ஓடியது. "அந்தத் திருகாணி இன்னாத்துக்குடி?" என்று ரஞ்சிதம் கேட்டதற்கு, "அது கம்பெனிக்காரன் தப்பா போட்டது" என்றாளாம்.

அவளைக் கொடுத்த ஊர் அணுபுரத்துக்கு மேற்கே, பஸ்ஸில் இரண்டாவது நிறுத்தம். அங்கிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எத்தனை வெயில் அடித்தாலும் மத்தியானம் சோறு தின்று எழுந்திருக்கும் நேரத்துக்குக் கடல் காற்று வந்துவிடும். அது வராத நாள் கெட்ட நாள்.

மோகனுக்குச் சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தது. சுற்றுவட்டாரத்துக் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் விடியுமுன் கோயம்பேட்டில் இறக்கிவிட்டு வருவான். வாய்க்கொழுப்பு உள்ளவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஒருநாள் மூட்டைக்கு மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. மல்லாந்து விழுந்தான். பின்கழுத்து வண்டியின் கதவு விளிம்பில் பட்டது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் இல்லை. தோளை மட்டும் கொஞ்சம் தூக்குவான். குரலும் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். மூச்சை வேகமாகத் தள்ள முடியாததால், பேசினால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் கேட்கும்.

கண்ணகி அழுதாள்தான், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு அவனைத் திருப்பிப்போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, முதுகில் புண் வராமல் துடைப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அணுபுரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். காலையில் போய் மத்தியானத்துக்கு மேல் வருவாள். நடுவில் தண்ணீர் புகட்டவும் திருப்பிப்போடவும் மோகனின் அண்ணி காயத்ரி மாடி ஏறி வருவாள்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கீழே மோகனின் அண்ணன் ராஜாராமின் மாட்டுத்தீவனக் கடை. தவிடு, பிண்ணாக்கு, வைக்கோல் கட்டு என்று வாசல்வரை அடைத்திருக்கும். ராஜாராம் குடியிருப்பது பின் தெருவில், மாமனார் கொடுத்த ஓட்டு வீட்டில். அங்கே ஆள் நடக்கவே இடம் பத்தாது. கடைக்கு மேல் மாடியில் மோகன். அவனுக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். அவர்கள் அப்பா அந்த மாடியை அவசரத்தில் உப்பு மணல் கலந்து கட்டிவிட்டார். கம்பி துருப்பிடித்து அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது.

கழுத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. அடிபட்ட இடத்துக்குக் கீழே வேர்க்காது. நமக்கு வெயில் ஏறினால் வேர்க்கிறது, உடம்பு ஆறுகிறது. அவர்களுக்கு அந்த வழி இல்லை. அறை சுட்டால் உடம்பும் கூடவே சுடும். போன வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் மோகனுக்கு அப்படித்தான் காய்ச்சல் ஏறி, பேச்சுக் குழறி, கண் செருகியது. வேனில் போட்டுச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போகிற வழியில் தகரக் கூரையின் வெக்கையில் இன்னும் ஏறியது. பிழைத்தது பெரிய விஷயம். டாக்டர் கண்ணகியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து ரெண்டாவதும்மா. இவர் படுத்திருக்கிற இடம் சூடாகக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஏறினா எங்க கையில இல்ல."

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கூரைதான் நினைப்பு. பழைய ஏசி ஒன்று வாங்கி மாட்டினாள். வெயில் ஏறும் நேரத்தில் கரண்ட் இருக்காது. இருந்தாலும் மின்னழுத்தம் குறைந்து அது உறுமிக்கொண்டு நிற்கும். கூரைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்துத் தளம் போடலாம் என்றால், கொத்தனார் துருப்பிடித்த கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதும்மேல இனிமே ஒரு சட்டி மண்ணுகூட ஏத்தாதீங்க, இறங்கிடும்" என்றார். கீற்றுப் பந்தல் போடலாம் என்றாள். ராஜாராம் குதித்தான். "கீழ வைக்கோலு, மேல கீத்தா? தீபாவளிக்கு ஒரு ராக்கெட்டு போதும், குடும்பத்தோட போய்ச் சேரலாம்." அவன் சொன்னதும் நியாயம். பிறகு உட்கூரையில் தெர்மாகோல் அட்டை ஒட்டினாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எறும்பு குடிவந்து உள்ளே துளைத்தது. வெள்ளை வெள்ளையாகத் தூளும் எறும்பும் மோகன் முகத்தில் கொட்டின. அவனால் தட்டிவிட முடியாது. ஒருநாள் வேலை விட்டு வந்து பார்க்கும்போது இமையெல்லாம் எறும்பு கடித்து வீங்கியிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் பிய்த்துப்போட்டாள்.

கனம் இருக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, எலியும் எறும்பும் தின்னக் கூடாது, மழையில் ஊறக் கூடாது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் எங்கே இருக்கிறது?

அதைக் கொண்டுவந்தவன் பெஞ்சமின். முட்டுக்காட்டுக்காரன். மோகன் வண்டியில் பல வருஷம் கூட ஓடியவன், இப்போது பழைய கட்டடம் இடிக்கிற வேலை. கடற்கரைச் சாலையில் மீன் உறையவைக்கிற பழைய கிடங்கு ஒன்றை இடித்தார்கள். உறைபனி அறையின் தரைக்கு அடியில் கறுப்புக் கறுப்பாகப் பலகைகள் வந்தன. அவற்றில் கொஞ்சத்தை வண்டியில் போட்டுக்கொண்டு மோகனைப் பார்க்க வந்தான்.

"இன்னாடா இது, கரி மூட்டை மாதிரி கீது?" என்றான் மோகன்.

"கண்ணாடி மச்சான்."

"யார்கிட்ட வுட்ற? கண்ணாடின்னா மூஞ்சி தெரியணும்."

"உன் மூஞ்சி தெரியாம கீறதே இதுக்கு நல்லது." பெஞ்சமின் கட்டிலோரம் குந்தினான். "தோ பாரு. உடைஞ்ச கண்ணாடிய மாவா அரைச்சி, கொஞ்சம் கரித்தூளு போட்டு, சூளையில வுட்டா, பன்னு மாதிரி புஸ்ஸுனு உப்பிக்குமாம். உள்ள அத்தினியும் குமிழி. ஒரு குமிழியிலேர்ந்து இன்னொண்ணுக்கு வழியே கெடையாது. அவனவன் வூட்டுக் கதவ அவனவன் சாத்திக்கினு கீறான். குளுரும் தாண்டாது, வெக்கையும் தாண்டாது. கெடங்குல வேலை பார்த்த பெரியவரு சொன்னாரு. சொவுத்துல வச்ச தெர்மாகோல்ல எலி குட்டி போட்டுக்கினு கீது மச்சான், ஊறிப்போயி கப்பு அடிக்குது. தரையில கெடந்த இது மட்டும் வச்ச மாதிரியே கீது."

கண்ணகி ஒரு பலகையைத் தூக்கினாள். செங்கல் மாதிரி இருக்கும் என்று நினைத்துக் கையை இறுக்கியவள், இலேசாக மேலே வந்ததும் தடுமாறிவிட்டாள்.

"நம்பிக்க வல்லியா தங்கச்சி?" என்றான் பெஞ்சமின்.

"பாத்துட்டு சொல்றேண்ணா."

அவள் பார்த்த விதம் இப்படி. ஒரு பலகையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி மேலே கல் வைத்தாள். மறுநாள் எடுத்துத் துடைத்தபோது ஈரம் மேல்தோலோடு சரி, கனம் கூடவில்லை. இன்னொரு துண்டைக் கேஸ் அடுப்பில் வைத்து அடியில் தீயை விட்டாள். அடிப்பக்கம் கனிந்து சிவந்தது, பற்றவில்லை, புகையவில்லை. மேலே வைத்த உள்ளங்கையை அவள் எடுக்கவே இல்லை. பெஞ்சமின் ஒன்றைத் தரையில் போட்டு ஏறி நின்றான். கீழே கடையிலிருந்து ராஜாராமையும் கூப்பிட்டு இன்னொன்றில் நிற்கவைத்தான். ராஜாராம் நல்ல கனம்.

"இவனே நின்னு உடையல, இனிமே இன்னா நின்னா உடையும்?" என்று மோகன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ராஜாராம்கூடச் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் ஏறிப் பார்த்தான். அந்தச் சிரிப்பு பின்னால் எத்தனை வினையாகப் போகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ராஜாராம் கெட்டவன் இல்லை, இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பிக்கு அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து கடையையே மறந்தவன். ஆனால் அவனுக்கு நிலமும் விளைச்சலும்தான் உலகம். மொட்டை மாடி இரண்டு பேருக்கும் பொது என்று அப்பா சொல்லிவிட்டுப் போனதை அடிக்கடி சொல்லுவான்.

அடுத்த வாரம் பெஞ்சமின் மீதிப் பலகைகளையும் கொண்டுவந்து இறக்கினான். வேலை தொடங்கியது. மரம் அறுக்கிற ரம்பமே போதும், வெண்ணெய்போல அறுபடும். ஆனால் அறுத்ததும் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், கூழ் முட்டையை முகத்துக்கு நேரே உடைத்த மாதிரி. குமிழிக்குள் அடைபட்ட வாயு அது, பயப்பட ஒன்றுமில்லை என்று பெஞ்சமின் சொல்லிக்கொண்டே அறுத்தான். கீழே யாருக்கும் அதைச் சொல்லவில்லை. ராஜாராம் தீவன மூட்டையில் எலி செத்துவிட்டது என்று நினைத்து, மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடினான். தவிடு வாங்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"யார் வூட்ல முட்ட அழுவிச்சி?" என்று காயத்ரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

"உன் கொழுந்தன் வூட்லதான் அண்ணி," என்றான் மோகன். "அடை வச்சிகினு கீறோம்."

பழைய டிரம்மில் தார் காய்ச்சி, கூரையில் ஊற்றி, பலகைகளை நெருக்கி நெருக்கி அதில் பதித்தார்கள். சந்துகளிலும் தார். கூரை ஏற்கெனவே மேடு பள்ளம். சில இடங்களில் தார் அடியில் முழுக்கப் பரவவில்லை, பலகை கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. மேலே கோழி வலை விரித்து மெல்லிசாகச் சிமெண்டு பூசினார்கள். கனத்துக்குப் பயந்து மெல்லிசு. கண்ணகி விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்தாள். கையெல்லாம் தார்.

பூசி முடித்ததும் சாக்கை நனைத்து விரித்துவிட்டு, கடைக்குப் போய் ராஜாராமிடம் சொன்னாள். "மாமா, ஒரு வாரம் மேல யாரும் ஏற வோணாம். சிமிட்டி இறுவட்டும்."

"சரிம்மா," என்றான்.

அந்த ஒரு வாரத்திலேயே அறையில் வித்தியாசம் தெரிந்தது. மத்தியானத்தில் உட்கூரையைத் தொட்டால் முன்பு இட்லிப்பானை மூடி மாதிரி இருக்கும். இப்போது சுவர் மாதிரிதான் இருந்தது. "டேய், மச்சான் வூட்டுக் கல்யாணத்துல ஏசி மண்டபத்துல படுத்துகினு கீற மாதிரி கீதுடா," என்று மோகன் பெஞ்சமினுக்குப் போன் போடச் சொல்லி, கண்ணகி காதோரம் போனைப் பிடித்துக்கொள்ள, அதில் சொன்னான். அவனை அப்படிக் கேட்டு எனக்கே நாளாகிவிட்டிருந்தது.

அக்கினி நட்சத்திரத்துக்கு இன்னும் கொஞ்ச நாள். நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து தாமதமாக முற்றியிருந்தது. ராஜாராம் செடியைப் பிடுங்கிப் போட்டுக் காயவைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் உளுந்தை ரோட்டில் பரப்பி வண்டி ஏறவிட்டு உதிர்ப்பார்கள். அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். காலையிலேயே மேற்கே மேகம் கருத்தது. கோடை மழை ஒன்று அடித்தால் காய்ந்த நெற்று வெடித்து மண்ணோடு போய்விடும். ராஜாராம் அண்ணாந்து பார்த்தான். ஒரு வாரம் கழிந்துவிட்டது. சிமெண்டு பூசிய மொட்டை மாடி, களம் மாதிரி வழவழவென்று கிடக்கிறது. இவன் கனத்தையே தாங்கிய பலகை. இதைவிட வேறு களம் எதற்கு?

கண்ணகி அணுபுரத்தில் இருந்தாள். ராஜாராம், காயத்ரி, கூலிக்கு வந்த இரண்டு பேர், நான்கு பேரும் செடிக் கட்டுகளை மேலே ஏற்றினார்கள். தடி எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள்.

நிற்கிற கனம் வேறு, அடிக்கிற அடி வேறு. நின்றால் கனம் பரவி இறங்கும். அடித்தால் ஒரே இடத்தில் விழும். கீழே அந்தரத்தில் நிற்கிற பலகைமேல் விழுந்தால், அதுவும் கண்ணாடிதானே?

அது முதலில் தெரிந்தது மோகனுக்கு. கட்டிலில் மல்லாந்து கிடந்தவன் தலைக்கு நேர் மேலே தொம் தொம் என்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தொம்மென்ற சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. அவனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா" என்று கூப்பிட்டான். குரல் கட்டிலைத் தாண்டவில்லை. தண்ணீர் தர வருகிற காயத்ரியும் மேலே இருந்தாள். போன் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எட்டக் கைதான் இல்லை. கூப்பிட்டான், கூப்பிட்டான், மூச்சு வாங்கியது. பிறகு நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தானாம். "என் வண்டிய என் கண்ணெதுக்க ஒருத்தன் கல்லால அடிச்சிகினு கீறான் சித்தப்பா, நான் உள்ளாற சீட்ல குந்திகினு கீறேன், அப்டி இருந்துச்சி," என்று என்னிடம் சொன்னான்.

கண்ணகி வந்தபோது காயத்ரி மேலே உளுந்து தூற்றிக்கொண்டிருந்தாள், ராஜாராம் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். கண்ணகி நேரே போய்க் குனிந்தாள். சருகை ஒதுக்கிப் பார்த்தாள். சிமெண்டில் சிலந்தி வலை மாதிரி விரிசல். காலால் அழுத்தினால் நொறுநொறுவென்றது.

"இன்னா மாமா பண்ணி வச்சிகீறீங்க?"

"ஒரு வாரம்னுதானேம்மா சொன்ன? ஆயிடுச்சே. நானே மேல நின்னு பாத்தேன், உடையல."

"நின்னீங்க. அடிச்சீங்களா?"

"மழ வருதும்மா. வருசத்து உளுந்து..."

"உங்களுக்கு உளுந்து. எனக்கு இன்னா கீது மாமா? கீழ கெடக்கிறது ஒண்ணுதான்." அதற்கு மேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ராஜாராமுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கீழே இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை.

சாயங்காலம் மழை அடித்துக் கொட்டியது. அறைக்குள் கதவோரம் ஒரு இடத்தில் சொட்டியது. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணீர் குடித்த தளம் இனி வெக்கையை இழுத்துக்கொள்ளும் என்றார்கள். ஊறின பஞ்சு மெத்தை மாதிரிதான், கனம் ஏறிக் கூரையே இறங்கிவிடும் என்றார்கள். ராஜாராம் காலையில் கடப்பாரையோடு வந்து, எல்லாவற்றையும் தானே பெயர்த்துப்போடுவதாகக் காயத்ரி மூலம் சொல்லி அனுப்பினான். கண்ணகி மாடிப்படியில் நின்று தலையாட்டி மறுத்துவிட்டு, உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மோசமாக நொறுங்கின இடத்தில் சிமெண்டைப் பெயர்த்து, உடைந்த பலகைத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தாள். உடைந்த முகம் ஈரமாக இருந்தது. தொட்டியில் போட்டாள், மிதந்தது. எடுத்து இரண்டாக ஒடித்தாள். அந்தக் கூழ் முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. உள்ளே இன்றைக்குத்தான் திறக்கிற குமிழிகள். தண்ணீர் விரிசலோடு நின்றுவிட்டது. பலகை உடைந்திருக்கிறது, உள்ளே இருப்பவை உடையவில்லை. அடிபட்ட வரிசையில் இருந்த குமிழிகள்தான் செத்தன. பக்கத்தில் இருந்தவை தத்தம் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தன.

அவள் பெயர்க்கவில்லை. பெஞ்சமினை வரச் சொல்லி, விரிசல்களில் தார் ஊற்றி மேலே சிமெண்டு மெழுகினாள். "முன்ன மாதிரி இருக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

பெஞ்சமின் தார்க் கரண்டியை வைத்துவிட்டு, "தெர்ல தங்கச்சி," என்றான். "வெயிலு வந்து சொன்னாத்தான் தெரியும்."

அக்கினி பிறந்தது. முதல் சில நாட்கள் கடல் காற்று சொன்ன நேரத்துக்கு வந்தது. பிறகு ஒருநாள் வரவில்லை. மேற்கேயிருந்து அனல் காற்று வீசியது. நாய்கள் சாக்கடைக்குள் போய்ப் படுத்தன. மத்தியானம் கரண்ட் போனது. கண்ணகி அன்று வேலைக்குப் போகவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். மோகன் நெற்றி சுட்டது. தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியது. ஈரத்துணியை மார்பிலும் அக்குளிலும் மாற்றி மாற்றிப் போட்டு, விசிறிக்கொண்டே இருந்தாள். பாட்டரியில் ஓடிய சின்ன விசிறி முனகியது.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. ராஜாராம் ஒரு வேனைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், கதவைத் திறந்துவைத்து, மாடியைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் ரத்தமில்லை. காயத்ரி மேலே ஓடிவந்தாள்.

"கண்ணகி, போயிடலாம்டி. அவரு சொல்றாரு. இந்தக் கூரைய நம்பாத. அதான் உடைஞ்சி போச்சே, நாங்கதானே உடைச்சோம்..." சொல்லிக்கொண்டே அழுதாள்.

போனால் செங்கல்பட்டு வரைக்கும் தகரக் கூரை, மேலே இந்த வெயில். போன வருஷம் பாதி உயிர் அந்த வழியில்தான் போனது. இருந்தால், அடிபட்ட ஒரு தளத்தின் கீழே, கரண்ட் இல்லாமல். அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு துணியை நனைத்தேன். மோகனைப் பார்த்தாள்.

"என்ன இன்னாத்துக்குப் பாக்குற?" என்றான் மோகன். நாக்கு உலர்ந்திருந்தது, ஆனால் குழறவில்லை. "நான் ஓடியா போயிடுவேன்? கூரையப் பாரு."

கண்ணகி கட்டிலோரம் முக்காலியைப் போட்டு ஏறினாள். உள்ளங்கையை உட்கூரையில் வைத்தாள். கட்டிலுக்கு நேர் மேலே, பிறகு கதவோரம், பிறகு மூலை. ஒவ்வொரு இடத்திலும் கையை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். காயத்ரி அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். முக்காலியிலிருந்து இறங்கியவள் மேற்குச் சுவரைத் தொட்டாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுவர்தான் கொதித்தது, கூரை இல்லை.

"கட்டில நடுவுல இஸ்துக்கலாம் மாமா. ஒரு கை குடுங்க," என்றாள் என்னிடம். கட்டிலைச் சுவரிலிருந்து பிரித்து அறைக்கு நடுவே போட்டோம். சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். பிறகு முன்புறம் போய்க் கைப்பிடிச் சுவரருகில் நின்று, கீழே நின்ற ராஜாராமைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் நம்பாமல் இன்னும் கொஞ்சம் நின்றான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். அவன் அணைத்தான்.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துணி நனைத்தோம், பிழிந்தோம், போட்டோம். தெர்மாமீட்டர் நூற்றொன்று வரை ஏறி அங்கேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மோகன் ஒருதரம் கண்ணை மூடியபோது கண்ணகி கன்னத்தில் தட்டினாள். "தூங்கினா அடிக்கிற. முழிச்சிகினு இருந்தா முறைக்கிற," என்றான் அவன். வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் கிழக்கு ஜன்னல் திரை லேசாக அசைந்தது. கரண்டும் வந்தது. காய்ச்சல் மெல்ல நூறுக்கு இறங்கியது.

கண்ணகி எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். விரிசல் எதுவும் புதிதாக விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் போயிருப்பாள். வெறுங்கால். படியின் நிழலைத் தாண்டி நாலைந்து அடி வைத்தவள் "அம்மா" என்று அலறிவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் நின்றாள். அந்தத் தளத்தில் அத்தனை நாளும் அவள் வெறுங்காலோடுதான் வேலை செய்திருக்கிறாள். பலகை போடுமுன் எந்தக் கோடையிலும் அந்த மாடி இப்படிச் சுட்டதில்லை. கீழே இறங்க வழியில்லாத வெயில் அவ்வளவும் அந்த மெல்லிசுச் சிமெண்டில் தேங்கி நின்றது. அவள் ஒரு காலைத் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டு தன் பாதத்தைப் பார்த்தாள். இந்தச் சூடுதான் போன வருஷம் அவன்மேல் இறங்கியது. எனக்குப் படியிலிருந்தே தெரிந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வர வழியில்லை. கீழே கடை வாசலில் அவள் செருப்பு கிடந்தது, பக்கத்தில் ராஜாராம் நின்றிருந்தான். அவள் தொட்டியை ஒட்டிய கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 

"மாமா," என்றாள். "அந்தச் செருப்ப மேல போடுங்க."

ராஜாராம் செருப்பைக் கையில் எடுத்தான். எறிவதற்குக் கையைப் பின்னால் வாங்கியவன், அப்படியே நின்றுவிட்டான். ரப்பர்ச் செருப்புதான். அவன் கையை இறக்கினான். அதை மார்போடு பிடித்துக்கொண்டு படியேறி வந்தான், என்னைத் தாண்டிப் போனான், கடைசிப் படியில் தன் செருப்பைக் கழற்றப் போனவனை, "கழட்டாதீங்க, கால் வெந்துடும்," என்று அவள் அங்கிருந்தே சொன்னாள். அவன் தளத்தில் ஒவ்வொரு அடியாக, தூங்குகிற குழந்தை பக்கத்தில் நடப்பதுபோல நடந்துபோய், அவள் காலருகே குனிந்து, சத்தமில்லாமல் இரண்டையும் வைத்தான்.

"காய்ச்சல்?" என்று கேட்டான்.

"நூறு," என்றாள். "நாளைக்கும் காத்து வராதுன்னு சொல்றாங்க. அந்த மேக்கு சொவுத்துக்கு ஏதாவது செய்யணும் மாமா."